கடலில் கரையாதது

கடற்கரையில் ஓர் ஆமை இறந்து ஒதுங்கினால், காண்போரின் கண் முதலில் காயத்தைத் தேடும். படகின் விசிறி வெட்டியதா, வலைக்கயிறு கழுத்தை இறுக்கியதா, நெகிழிப்பை தொண்டையை அடைத்ததா என்று கூடி நிற்போர் வினவுவர். இவை கண்ணுக்குப் புலனாகும் பகைகள். உடலை அறுத்து ஆராயும் விலங்கு மருத்துவருக்கோ வேறொன்றும் தென்படுவதுண்டு. அது, ஆமையின் இதயத்திலும் பெரிய இரத்தக் குழாய்களிலும் குடியிருக்கும் சிறு தட்டைப்புழு.

திரங்கானுவின் ரெடாங் தீவிலும் சபாவின் ஆமைத் தீவுகளிலும் முட்டையிட வரும் பச்சை ஆமை, உலகின் வெப்பக் கடல்கள் பலவற்றிலும் வாழும் இனமாகும். இவ்வினத்தின் குருதியில் வாழும் தட்டைப்புழு, மனிதரைத் தாக்கும் இரத்தப் புழுக்களுக்கு உறவுடையது. அது இடும் முட்டைகள் இரத்த ஓட்டத்தோடு சென்று மூளை, நுரையீரல், மண்ணீரல், குடல் ஆகியவற்றின் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்கின்றன. சிக்கிய இடத்தில் திசு தடித்து, கட்டிகள் தோன்றுகின்றன. குடற்சுவரைக் கடக்கும் முட்டைகள் மட்டும் கழிவோடு கடலில் விழும். அவற்றினின்று வெளிப்படும் இளம்புழு, நத்தையினத்தைச் சேர்ந்த ஒரு மெல்லுடலிக்குள் புகுந்து, பெருகி, உருமாறி, மீண்டும் ஓர் ஆமையை நாடிப் புறப்படும்.

இப்புழுவைக் கண்டவுடன் கொலையாளி அகப்பட்டுவிட்டான் என்று முடிவு கட்டலாமா? ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத் தென்கரையில் ஒதுங்கிய 96 பச்சை ஆமைகளைப் பற்றி 1998இல் வெளிவந்த ஆய்வு இவ்வினாவுக்கு விடை தருகிறது. அவற்றுள் நூற்றுக்கு 98 பங்கு ஆமைகளில் புழு இருந்த அடையாளம் காணப்பட்டது. ஆயினும், 10 ஆமைகளின் சாவுக்கு மட்டுமே புழுநோய் முதற்காரணமாகக் கருதப்பட்டது. மேலும் 29 ஆமைகளில் அது, கடுமையான பல கேடுகளுள் ஒன்றாக இருந்தது.

புழுவைச் சுமப்பது வேறு. புழுவால் மாய்வது வேறு. ஆமை இறந்தால் அதன் குருதியில் வாழும் புழுவும் இறக்கும். ஆகவே, நெடுங்காலம் பழகிய ஒட்டுண்ணியும் உயிரியும் பெரும்பாலும் ஒன்றையொன்று பொறுத்தே வாழ்கின்றன. பசியும் காயமும் வேறு நோயும் ஆமையை நலிவிக்கும்போது அந்தப் பொறுமை எல்லை கடந்துவிடுகிறது. மேயும் கடற்புல் வெளிகள் சேற்றால் மூடப்பட்டு அழிந்தால், அங்கு வாழும் ஆமையின் உடல் எதைக் கொண்டு புழுவைத் தாங்கும்? நுண்ணோக்கியில் தெரியும் முட்டையோடு ஆய்வு முடிந்துவிடுவதில்லை. ஆமை எதனால் நலிந்தது என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

ஆமையின் புழு கடலுக்கே உரியது. கடலுக்கு உரிமையில்லாத ஒட்டுண்ணி அங்கே நுழைந்தால் விளைவது என்ன என்பதைக் கலிபோர்னியாவின் கடல் நீர்நாய் காட்டுகிறது. மென்மயிர்த் தோலுக்காக வேட்டையாடப்பட்டு அழிந்துபோனதாகக் கருதப்பட்ட இவ்விலங்கு, 1938இல் ஏறத்தாழ 50 உயிர்களைக் கொண்ட சிறு கூட்டமாகக் கண்டறியப்பட்டது. பாதுகாப்பின் பயனாக இன்று ஏறத்தாழ 3,000 உள்ளன. எனினும், 1998 முதல் 2001 வரை இறந்த 105 நீர்நாய்களை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 16 பங்கு நீர்நாய்கள் டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியால் மூளை வீங்கி மாண்டமை தெரிந்தது. மூளை நோயுற்றவை சுறாவின் வாயில் அகப்படுவதும் மிகுதியாக இருந்தது.

இந்த ஒட்டுண்ணி தன் இனப்பெருக்கத்தை நிறைவு செய்வது பூனை இனத்தின் குடலில் மட்டுமே. கடலில் பூனை ஏது? பூனையின் கழிவில் இலட்சக்கணக்கில் வெளியாகும் முட்டை போன்ற உறைகளை மழைநீர் ஓடைக்கும், ஓடை கடலுக்கும் கொண்டு செல்கின்றது. அவை கடற்பாசியின் வழுவழுப்பில் ஒட்டிக்கொள்கின்றன. பாசியை நத்தை மேய்கிறது. நத்தையை நீர்நாய் உண்கிறது. நன்னீர் மிகுதியாக வந்து கலக்கும் கரையோரம் வாழும் நீர்நாய்களிடம் இந்தத் தொற்று ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதி என 2002இல் வெளியான ஆய்வு கூறியது. நீர்நாய்களைக் கொன்ற ஒட்டுண்ணி வகையும், அருகிலுள்ள நிலப்பகுதியின் காட்டுப் பூனைகளிடமும் தெருப் பூனைகளிடமும் காணப்பட்ட வகையும் ஒன்றே என்பதை 2019இல் மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது.

பயனின்றிப் போவதைக் 'கடலில் கரைத்த பெருங்காயம்' என்பது தமிழர் வழக்கு. கடலில் சேர்ந்தது எதுவும் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும் என்னும் நம்பிக்கை அவ்வழக்கின் அடியில் உள்ளது. பெருங்காயம் கரையும், இவ்வுறை கரைவதில்லை. குளோரினும் அதை எளிதில் அழிப்பதில்லை. உப்பு நீரிலும் பல மாதங்கள் அது உயிர்த்திருக்கும்.

பூனையைப் பழிப்பதால் பயனில்லை. அது தன் இயல்பின்படி வாழ்கிறது. அதை வளர்த்துத் தெருவில் விட்டவனும், மழைநீரை வடிகட்டித் தந்த சதுப்பு நிலத்தைத் தூர்த்தவனும் மனிதன். பூனைக் கழிவைக் கழிப்பறையிலும் மழைநீர்க் கால்வாயிலும் கொட்ட வேண்டா என்னும் அறிவுரை, பூனை மணல் விற்கும் பைகளில் அச்சிடப்பட வேண்டுமென 2006இல் கலிபோர்னியா சட்டம் இயற்றியது. சிறிய சட்டந்தான், ஆயினும் வீட்டுக் கழிவுக்கும் கடல்விலங்கின் சாவுக்கும் உள்ள தொடர்பை அது ஏற்றுக்கொண்டது.

அத்தொடர்பை உணர மாணவர்க்கு நுண்ணோக்கி வேண்டுவதில்லை. அடைமழை நாளில் பள்ளிக்கு வெளியே ஓடும் கால்வாயைக் காட்டி, அந்த நீர் எங்கே போய்ச் சேரும் என்று ஆசிரியர் ஒருமுறை கேட்டாலே போதும். வீட்டுப் பூனையின் கழிவைப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் இடும் பிள்ளை, தான் ஒருநாளும் பார்க்கப்போகாத ஒரு விலங்குக்குச் செய்யக்கூடிய உதவியைச் செய்துவிடுகிறது.