மாடஸ்டிக்குத் தாவணி

‘காமிக்ஸா? அதெல்லாம் ஆம்பளைப் பசங்க சமாச்சாரம்!’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் முதல் இதழ் வந்ததே, அதில் ஹீரோ யார் தெரியுமா? ஒரு பெண். மாடஸ்டி பிளைசி!

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு வாடகை லைப்ரரி. புத்தகத்துக்கு நாலணா. நான் இரும்புக்கை மாயாவி கட்சி. அக்கா மாடஸ்டி கட்சி. படித்ததோடு விடமாட்டாள். ரஃப் நோட்டில் மாடஸ்டிக்குத் தாவணி கட்டி, கையில் டிபன் பாக்ஸ் கொடுத்து, பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ரவுடியை உதைக்க விடுவாள். சொந்தக் கதை ஸார், எட்டுப் பக்கம்!

அதை எங்கே அனுப்புவது? மாடஸ்டியே 1963-ல் லண்டன் பத்திரிகையில் பெரியவர்களுக்காக வந்த கதை. முத்து, லயன், ராணி எல்லாவற்றிலும் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்குதான். பத்தாங்கிளாஸ் பெண்ணுக்கென்று ஒரு காமிக்ஸ் பத்திரிகை? மூச்!

ஜப்பானில் 1954, 55-லேயே ‘நகயோஷி’, ‘ரிபோன்’ என்று பெண் பிள்ளைகளுக்குத் தனிப் பத்திரிகைகள் வந்துவிட்டன. ஆனால் அங்கேயும் ஆரம்பத்தில் வரைந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். அப்புறம்தான் விஷயமே இருக்கிறது. அறுபதுகளில் ‘மார்கரெட்’ மாதிரி பத்திரிகைகள் வாசகிகளையே, ‘வரைஞ்சு அனுப்பும்மா’ என்று கேட்டன. வந்ததற்கெல்லாம் குறை நிறை சொல்லி, பரிசு கொடுத்து, தேறியவர்களின் கதையை அச்சில் ஏற்றினார்கள். பத்து வருஷத்தில் பேனா பெண்கள் கைக்குப் போய்விட்டது. 1972-ல் ரியோகோ இகெதா என்ற 24 வயதுப் பெண், ‘மார்கரெட்’டில் ‘வெர்சாய் ரோஜா’ தொடரை ஆரம்பித்தார். பிரெஞ்சுப் புரட்சி, ஆண் உடுப்பில் ஒரு பெண் தளபதி. ஊரே பைத்தியமாய்த் திரிந்தது. (நம்ம சிவகாசியில் முத்து காமிக்ஸ் பிறந்ததும் அதே 1972-தான்.) 1994-ல் ‘ரிபோன்’ விற்றது ஒரு இதழ் 25 லட்சம் பிரதிக்கு மேல். இன்றைக்கு அதில் சின்னப் பங்குகூட இல்லை என்பது வேறு கதை.

அக்காவின் நோட்டு ப்ளஸ் டூவோடு பரணுக்குப் போயிற்று. அவள் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு டைப்பிஸ்டாகப் போனாள். மார்கழிக் கோலம் பார்க்க மட்டும் பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வரும்.

இப்போது அவள் இருப்பது பூந்தமல்லியில். பெண் காலேஜ் படிக்கிறாள். ஜப்பான் காமிக்ஸை இங்கிலீஷில், போனிலேயே படித்துத் தள்ளுகிறாள். வரையவும் செய்கிறாள், டேப்லெட்டில். போன மாசம் போயிருந்தபோது காட்டினாள். ஒரு பெண் எகிறி உதைக்கிறாள். கண் ஒவ்வொன்றும் அம்பத்தூர் ஏரி சைஸ்!

அக்கா மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தாள். “உதைக்கறப்போ முட்டி இப்படியாடி மடங்கும்?” என்று பேனாவை வாங்கி ரெண்டே கோடு இழுத்தாள். கால் நிஜமாகவே உதைத்தது.

“எங்கம்மா கத்துக்கிட்டே?”

அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. அக்கா எழுந்து போய்விட்டாள்.