குதிரையும் கழுத்தும்

மின்கித்தார் செய்யப் புகுவோர் பலர், எம்மரம் சிறந்தது என்று முதலில் விசாரிப்பர். எமக்கு அவ்விசாரணைக்கு இடமில்லை. தோட்டத்துத் தச்சராயிருந்து மறைந்த எம் தகப்பனார் அறுத்து உலரவைத்திருந்த நியாத்தோ மரப்பலகை ஒன்றே வீட்டிலிருந்தது. கழுத்தை எம் மகள் தன் முதற் சம்பளத்தில் வாங்கி வந்தாள். கழுத்துக் கெட்டால் வேறொன்று வாங்கலாம்; அவர் கைபட்ட பலகைக்கு எங்கே போவது?

நேயர்களே, வீணையை அறிந்தவர்க்கு இவ்வாத்தியம் அந்நியமன்று. மேலே மேரு, கீழே குதிரை, இடையே மெட்டுகள், இவற்றின்மீது தந்திகள். வேற்றுமை ஒன்றுண்டு. வீணையின் மெட்டுகள் மெழுகின்மேல் அமர்ந்தவை. சுருதி பிசகினால் மெழுகை இளக்கி அவற்றை நகர்த்தி வைக்கலாம். கித்தாரின் மெட்டுகளோ கழுத்து மரத்தில் அறையப்பட்டவை, அசையமாட்டா. ஆகையால் குதிரை நிற்குமிடமே சுருதியின் தலைவிதியாகிறது.

கலிபோர்னியாவில் லியோ பெண்டர் 1950-ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொணர்ந்த மின்கித்தார் வகையையே யாமும் பின்பற்றினோம். கழுத்து உடலிலுள்ள பள்ளத்தில் அமர்ந்து நான்கு திருகாணிகளால் பிணைக்கப்படும். மேருவினின்று குதிரைக்கு 25½ அங்குலம். பன்னிரண்டாம் மெட்டு 12¾ அங்குலத்தில், சரிபாதியில் நிற்கும்.

"பலகையில் நடுக்கோடு போட்டாயிற்றே, அப்பா! துளையிட்டுவிடலாமே" என்றாள் மகள். பலகையின் நடுக்கோடு உடலின் அழகுக்கு உரியது; தந்திகளுக்கு அதனால் ஆவதென்ன? தந்தி கழுத்தைத்தான் கேட்கும். கழுத்துப் பள்ளம் ஏறக்குறைய 3 அங்குலம். அந்த நீளத்தில் கழுத்து அரை மில்லிமீட்டர் சாய்ந்து உட்கார்ந்தால், 18 அங்குலத்துக்கு அப்பாலுள்ள மேரு 3 மில்லிமீட்டர் விலகிவிடும். அப்புறம் ஓரத்துத் தந்தி விரலுக்கு அடங்காமல் மெட்டின் விளிம்பை விட்டு வழுக்கும்.

எனவே கழுத்தைப் பள்ளத்தில் இறுக்கிய பிறகே குதிரையைத் தொட்டோம். மேருவின் இரு ஓரக் காடிகளிலிருந்து இரண்டு இழைகளைக் குதிரைவரை இழுத்துக் கட்டினோம். தகப்பனாரின் தச்சுநூல் பருமனாயிருந்தமையால் தூண்டில் நரம்பையே கொண்டோம். 'நூல் பிடித்தாற்போல்' என்று நாம் பேச்சுக்குச் சொல்வது அவர்க்கு அன்றாடத் தொழில். கடைசி மெட்டில் இரு இழைகளும் விளிம்பினின்று சமதூரத்தில் நிற்கும்வரை குதிரையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினோம். அதற்கே ஒரு மாலை முழுவதும் சென்றது. அதன் பின்னரே ஊசியால் புள்ளி குத்தித் துளையிட்டோம்.

நீள அளவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தந்தியை மெட்டில் அழுத்தினால் அது சற்றே இழுபட்டுச் சுருதி ஏறும். பருத்த தந்தியில் ஏற்றம் அதிகம். அதற்கு ஈடாகத் தந்தியின் நீளத்தைச் சிறிது கூட்டவேண்டும். குதிரையின்மேல் தந்திதோறும் நகரும் தாங்கி ஒன்றுண்டு. ஆங்கிலத்தார் அதைச் சேணம் என்பர்; நம் குதிரைக்கு ஏற்ற பெயர்தான்! முதல் தந்தியின் சேணம் 25½ அங்குலத்தில் நிற்கையில், மற்றவை பின்வாங்க இடமிருக்குமாறு குதிரையைப் பொருத்தவேண்டும்.

தந்தி பூட்டியபின், பன்னிரண்டாம் மெட்டில் தந்தியை இலேசாகத் தொட்டெழுப்பிய ஒலியையும் அழுத்தி எழுப்பிய ஒலியையும் மகள் ஒப்பிட்டுப் பார்த்தாள். அழுத்திய ஒலி ஏறிநின்றால் சேணத்தைப் பின்னே தள்ளினாள். இறங்கினால் முன்னே இழுத்தாள். ஆறாம் தந்தி நெடுநேரம் முரண்டு பிடித்தது. அஃதும் இணங்கியபோது இரவு பதினொரு மணி. ஒலிபெருக்கியை அவள் முழுக்கத் திருப்பவே, அயல்வீட்டார் சன்னலை அறைந்து சாத்தினர்.