வலை பின்னாத சிலந்தி

திருக்குர்ஆனின் 29ஆம் அத்தியாயத்திற்கு 'அல் அன்கபூத்' என்று பெயர். சிலந்தி என்பது பொருள். அல்லாஹ்வை விடுத்துப் பிறரைப் பாதுகாவலராகக் கொள்வோர்க்குச் சிலந்தியின் வீட்டை உவமையாக்கி, வீடுகளுள் மிகப் பலவீனமானது அதுவே என்கிறது திருமறை.

இதனை மத்ரஸாவில் விளக்கிக்கொண்டிருந்தபோது பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் எழுந்தான். "ஹஜ்ரத், நண்டுச் சிலந்தி வலையே கட்டாதாமே! அதற்கு வீடு ஏது?" என்றான். பள்ளிக்கூட நூலகத்தில் படித்தானாம். சில பிள்ளைகள் சிரித்தனர், சிலர் அஞ்சினர். மறுநாள் விடை கூறுவதாகச் சொல்லி, அந்நூலை வாங்கிப் படித்தேன்.

'மிசுமேனா வாட்டியா' என்னும் இவ்வினம் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் புல்வெளிகளிலும் வயலோரங்களிலும் வாழ்கின்றது. பெண் சிலந்தி 10 மில்லிமீட்டர் அளவினது; ஆண் அதில் பாதியளவே. நண்டைப் போலப் பக்கவாட்டில் நகரும். பூவின் மீது முன்னங்கால்களை விரித்துக் காத்திருந்து, தேனுண்ண வரும் தேனீயைப் பற்றும். வெண்மலரில் வெள்ளையாய் இருக்கும் பெண், மஞ்சள் மலருக்குக் குடிபெயர்ந்தால் தானும் மஞ்சளாகும். அதற்கு 10 முதல் 25 நாட்கள் ஆகும். மீண்டும் வெளுக்க ஏறத்தாழ 6 நாட்கள் போதும். சுப்ஹானல்லாஹ்!

வலை பின்னாவிடினும் அதனிடம் நூல் உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இதனைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த டக்ளஸ் மோர்ஸ் என்னும் அறிஞர் 2007இல் நூலொன்று வெளியிட்டார். அங்கு இச்சிலந்தி, நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் இலையை மடித்து, நூலால் பிணைத்து, உள்ளே முட்டையிட்டுக் காவல் இருக்கின்றது. அக்காவலையும் மீறி ஒருவகைச் சிறு குளவி அம்முட்டைகளைத் தாக்குவதுண்டு.

மறுநாள் இவற்றையெல்லாம் அம்மாணவனையே வகுப்பில் சொல்லச் செய்தேன். பிறகு கூறினேன்: "எல்லாரும் கண்டறிந்த வலையை எடுத்துக்காட்டி, மனிதன் எதன் மீது சாய்கின்றான் என்று கேட்கின்றது திருமறை. வலையற்ற சிலந்தியின் இலைவீடும் ஒரு குளவிக்குத் தாங்கவில்லை, பார்த்தீர்களா?" வினவியவன் முகம் மலர்ந்தது.

இறந்தோரை எவ்வாறு உயிர்ப்பிக்கின்றாய் எனக் காட்டுமாறு இப்ராஹீம் (அலை) அவர்கள் இறைவனிடமே வேண்டினார்கள். உள்ளம் அமைதி பெறவே வேண்டினார்கள். அல்லாஹ் அவர்களைக் கடியவில்லை. பறவைகளைக் கொண்டு காட்டினான்.

பெற்றோர்களே! மார்க்கத்தில் ஐயம் கேட்கும் பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள். நம்மிடம் கேட்க அஞ்சியதைப் பிள்ளை வேறெங்கோ சென்று கேட்கும். விடை தெரியாவிடில் உடன் அமர்ந்து தேடுங்கள். வல்ல இறைவன் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியைப் பெருக்கித் தருவானாக! ஆமீன்.