தாய்பேயில் ஒரு முட்டை ரொட்டி

உலகத்தில் எத்தனையோ பெரிய காரியங்கள் இருக்க, ஒரு முட்டை ரொட்டியைத் தேடி அலைந்த கதையைச் சொல்ல வருகிறோமே என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஒரு நாட்டு மக்களின் வரலாற்றை அவர்களுடைய தோசைக்கல்லிலும் படிக்கலாம் என்பதை அந்த அலைச்சலே எமக்குக் கற்பித்தது.

2024 ஆம் ஆண்டின் இறுதியில், தாய்வானின் தலைநகரான தாய்பேயில் பொறியியல் பயிலும் எம் மருமகனோடு மூன்று வாரம் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. போய் இறங்கிய அன்றே, நூதனசாலை எங்கே, நூலகம் எங்கே என்று நாம் வினவினோம். அவனோ, “அதெல்லாம் இருக்கட்டும் மாமா, முதலில் இந்த நகரத்தின் மிகச் சிறந்த தான்பிங் எதுவென்று கண்டுபிடிப்போம்” என்றான். அவனுடைய கைத்தொலைபேசியில் இருபது கடைகளின் பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே முன்பின் அறியாதவர்கள் இட்ட நட்சத்திரக் குறிகள். பரீட்சைப் புள்ளிகளோடு வாழ்நாளைக் கழித்த ஆசிரியருக்கு இந்த ஏற்பாடு பிடித்தே இருந்தது.

சீன மொழியில் ‘தான்’ என்பது முட்டை. ‘பிங்’ என்பது தட்டையான ரொட்டி. கோதுமை மாவைக் கரைத்துச் சூடான கல்லில் மெல்லியதாக வார்த்து, முட்டையை அடித்து அதன்மேல் ஊற்றி, புரட்டிப் போட்டு, பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி, ஐந்தாறு துண்டுகளாக வெட்டித் தருவார்கள். மேலே சற்று இனிப்பான, கட்டியான சோயாச் சாறு. உள்ளே வெங்காயத்தாள். வேண்டுமானால் சோளமோ பன்றி இறைச்சியோ சேர்ப்பதும் உண்டு. எம்முடைய தோசைக்கும் முட்டை ரொட்டிக்கும் இடையில் நிற்கும் பண்டம் அது. தாய்பேவாசிகளுள் பெருந்தொகையானோர் காலை உணவை வீட்டில் சமைப்பதில்லை. விடியுமுன் திறந்து நண்பகலுக்குள் மூடிவிடும் காலையுணவுக் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. இந்த ரொட்டி கிடைக்காத கடை அவற்றுள் அரிது.

ஆயினும் கோதுமை அந்த மண்ணின் பழைய உணவன்று. தாய்வான் நெல் விளையும் தீவு. 1895 முதல் 1945 வரை யப்பானியர் ஆண்ட காலத்தில் விளைந்த நல்லரிசி கப்பலேறி யப்பானுக்குப் போயிற்று. விளைவித்த ஏழை விவசாயி வற்றாளைக் கிழங்கைத் தின்று வயிற்றை நிரப்பினான். 1949 இல் சீனத்தின் உள்நாட்டுப் போரில் தோற்ற சியாங் கை ஷேக்கின் படைகளும் அவற்றைத் தொடர்ந்து வந்த குடிமக்களுமாகப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் தீவில் வந்து இறங்கினர். அவர்களுள் வடசீனத்தார் கோதுமை தின்று வளர்ந்தவர்கள். ஒரு மாத காலத்திலோ ஓராண்டிலோ ஊர் திரும்பலாம் என்று எண்ணி வந்த படைவீரர்கள் திரும்பவே இல்லை. தாயின் முகத்தைப் பார்த்து வரவும் 1987 ஆம் ஆண்டுவரை அவர்களுக்கு அனுமதியில்லை. அவ்வாண்டில்தான் முப்பத்தெட்டு ஆண்டுகள் நீடித்த இராணுவச் சட்டமும் நீங்கிற்று. படையிலிருந்து விலகியவர்களுள் சிலர் பிழைப்புக்காகத் தெருவோரத்தில் அடுப்பு மூட்டினர். தாய்பேயிலிருந்து பாலத்தைக் கடந்தால் வரும் யுங்ஹ என்னும் ஊரில் 1950 களில் அவர்கள் காய்ச்சி விற்ற சோயாப் பாலின் புகழால், இன்றும் தீவெங்கும் கடைகளின் பெயர்ப் பலகையில் அவ்வூரின் பெயர் நிற்கிறது.

சரி, மா எங்கிருந்து வந்தது? கொரிய யுத்தம் மூண்டபின், 1951 முதல் 1965 வரை, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10 கோடி டொலர் அமெரிக்க உதவி தாய்வானுக்குக் கிடைத்தது. அவ்வுதவியின் ஒரு பகுதி கோதுமை மூட்டைகளாக வந்து இறங்கிற்று. மா தீர்ந்தபின் ஏழைத் தாய்மார் அந்தச் சாக்கை வெட்டிப் பிள்ளைகளுக்குக் காற்சட்டை தைத்தனர். கைகுலுக்கும் இரு கரங்களின் படமும், ‘சீன அமெரிக்க ஒத்துழைப்பு’ என்ற எழுத்துகளும் குழந்தையின் பின்புறத்தில் விளங்கின! அந்நாட்டு முதியோர் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை இது. அதே காலத்தில், 1948 முதல் 1973 வரை, அரசு விவசாயிக்கு உரத்தைக் கொடுத்து நெல்லை வாங்கிற்று. விலையை நிர்ணயித்தது அரசு, நட்டமடைந்தது விவசாயி. மக்கள் மாவுக்குப் பழகினால் மிஞ்சும் அரிசியை ஏற்றுமதி செய்யலாம் என்பது ஆட்சியாளரின் கணக்கு.

இந்த இடத்தில் எமக்கு எம் ஊர் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் எம் தாயார் கோதுமை மாவைக் கடைசிவரை ‘அமெரிக்கன் மா’ என்றே சொல்லி வந்தார். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று நாம் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. பின்னாளில் மலையகப் பாடசாலை ஒன்றில் படிப்பித்தபோது, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்த தடித்த ரொட்டியும் அதே மாவினால் ஆனதே. அரிசி உண்ணும் இனத்தாரின் காலைப் பசிக்குள் கோதுமை எவ்வாறு நுழைந்தது என்பதை, பல ஆயிரம் மைல் தாண்டி வந்து ஒரு தாய்பேக் கடையின் வாங்கில் அமர்ந்துகொண்டுதான் நாம் யோசித்தோம்.

இனித் தேடலுக்கு வருவோம்.

முதலில் போனது 1958 இல் தொடங்கப்பட்ட புகழ்பெற்ற பூஹாங் கடைக்கு. ஹுவாஷான் சந்தைக் கட்டடத்தின் மாடியில் இருக்கும் அக்கடையின் வரிசை, படிகளில் இறங்கித் தெருவரைக்கும் நீண்டு நின்றது. முக்கால் மணி நேரம் நின்றோம். சோயாப் பாலும் ரொட்டியும் உயர்ந்த தரம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எமக்கு முன்னும் பின்னும் நின்றவர்களுட் பலர் எம்மைப் போலவே பயணப் பையும் படக்கருவியும் தாங்கியவர்கள். விடுமுறையில் வந்தவனால் முக்கால் மணி நேரம் நிற்க முடியும். ஏழு மணிக்கு வேலைக்குப் போகிறவனால் முடியுமா?

அடுத்த சில நாட்கள் எம் அறைக்கு அருகிலிருந்த சிறு கடைகளைச் சுற்றினோம். 1980 களில் இத்தகைய கடைகள் பெருகின. இரும்புக் கல் ஒன்றும் குளிர்ப்பெட்டி ஒன்றும் இருந்தால் ஒரு குடும்பம் பிழைக்கலாம் என்ற நிலை வந்தது. அங்கே மா கரைப்பதில்லை. தொழிற்சாலையில் வட்டமாகச் செய்து உறையவைத்த தகடுகளை உரித்துக் கல்லில் போடுகிறார்கள். “இது ரொட்டியே அல்ல, அச்சுப் பிரதி” என்று தீர்ப்புக் கூறினோம். மருமகன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, “மாமா, அந்த மனுஷி தனியாகக் கடை நடத்துகிறா. மா கரைத்து வைப்பதென்றால் இன்னும் இரண்டு மணி நேரம் முந்தி எழும்ப வேண்டும்” என்றான். நாம் வெட்கினோம். இயந்திரம் செய்ததென்று இகழ்வது எளிது. பறிபோகும் இரண்டு மணி நேர உறக்கத்தை அவளுக்கு எவர் கொடுப்பார்?

தேடியது கிடைத்தது தற்செயலாகவே. ஒருநாள் உறக்கம் வராமல், நகரின் மேற்குப் புறத்துப் பழைய தெருக்களில் இருள் பிரியுமுன் நடந்துகொண்டிருந்தோம். தெருக் கூட்டும் தொழிலாளர் இருவர் துடைப்பங்களைச் சுவரில் சாத்திவிட்டு ஒரு சந்துக்குள் நுழைந்தனர். வெங்காயத்தாள் வதங்கும் வாசனை அங்கிருந்து வந்தது. நாமும் பின்தொடர்ந்தோம்.

நான்கு முக்காலிகள், ஒரு தகரக் கூரை, ஒரு கல். அதன் முன்னே அறுபதைத் தாண்டிய ஒரு பெண். கோதுமை மாவோடு வற்றாளைக் கிழங்கு மாவும் சிறிது சேர்த்துக் கரைத்த கலவை ஒரு வாளியில் இருந்தது. அதை ஓர் அகப்பை மொண்டு வட்டமாக இழுக்கிறார். மேற்பரப்பின் ஈரம் மங்கியதும் முட்டையை ஊற்றுகிறார். இரண்டு தட்டகப்பைகளால் புரட்டிச் சுருட்டி, டக், டக்கென்று வெட்டித் தட்டில் தள்ளுகிறார். ஓரம் மொறுமொறுப்பு, நடுவே மெத்தென்ற இழுவை. முதல் துண்டிலேயே நாமும் மருமகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வெறும் முட்டை ரொட்டி 35 தாய்வான் டொலர். அவ்வாண்டில் அந்நாட்டுச் சட்டம் விதித்த ஆகக்குறைந்த கூலி மணிக்கு 183 டொலர்.

அங்குள்ளோர் அப்பெண்ணை ‘ஆ-யி’ என்று விளித்தனர். சீன மொழியில் அது மாமி, சின்னம்மா என்ற பொருளில் வரும் சொல்லாம். தமிழ்க் காதுக்கு அது ‘ஆயி’ என்றே கேட்டது. நாமும் மனதார அப்படியே அழைத்தோம். அவரோ தலை நரைத்த எம்மை, அந்நாட்டுக் கடைக்காரரின் வழக்கப்படி, “அழகரே, உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டார்!

பின்னர் நாள்தோறும் போனோம். ஐந்தரை மணிக்குத் துப்புரவுத் தொழிலாளர்; ஆறு மணிக்குக் கட்டட வேலையாட்கள்; அதன்பின் பாடசாலைப் பிள்ளைகள். தலையில் முக்காடிட்ட இந்தோனேசியப் பெண் ஒருத்தி, தான் பராமரிக்கும் முதியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவாள். அவளைக் கண்டதும் ஆயி, பன்றி இறைச்சி படாத சிறு தாச்சியொன்றைத் தனியே எடுத்துத் தாவர எண்ணெய் வார்ப்பார். ஒரு சொல்லும் பரிமாறப்படாது. தாய்வானில் உழைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் ஏழு இலட்சத்துக்கு மேல். அவர்களுள் வீட்டில் முதியோரைப் பராமரிக்கும் பெண்களை அந்நாட்டுத் தொழிற் சட்டம் தன் பாதுகாப்புக்குள் சேர்க்கவில்லை. முன்னே சொன்ன ஆகக்குறைந்த கூலியும் அவர்களுக்கில்லை. சட்டம் காணாத அந்தப் பெண்ணை ஒரு தோசைக்கல் கண்டிருந்தது.

ஆயியின் வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு துணிப்பட்டை. இரவு இரண்டரை மணிக்கு எழுகிறார், முப்பத்தொரு ஆண்டுகள். மகன் தொழிற்சாலையொன்றில் வேலை. கடையை ஏற்கமாட்டான், ஏற்கவும் வேண்டாம் என்கிறார். 2023 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பறவைக் காய்ச்சலாலும் பிற காரணங்களாலும் தாய்வானில் முட்டைத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பிறநாட்டு முட்டைகள் இறக்குமதியாயின. அதனால் எழுந்த கண்டனத்தில் விவசாய அமைச்சரே அவ்வாண்டு பதவி விலகினார். அப்போது ஐந்து டொலர் விலை கூட்டினாராம் ஆயி. “கூட்டிய அன்று எவருடைய முகத்தையும் பார்க்க முடியவில்லை. அவர்களுக்குக் கூலி கூடவில்லையே” என்று அவர் சொன்னதை மருமகன் எமக்கு மொழிபெயர்த்தான்.

ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு, மருமகன் மிக்க உற்சாகத்தோடு கைத்தொலைபேசியை அவரிடம் காட்டினான். கடையின் படம், இருக்கும் இடம், ஐந்து நட்சத்திரம், ‘தாய்பேயின் மிகச் சிறந்த தான்பிங்’ என்று நீண்ட புகழுரை. பொத்தானை அழுத்தினால் உலகமே காணும். ஆயி மகிழ்வார் என்றே நாமும் எதிர்பார்த்தோம்.

அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்: “போடவேண்டாம் தம்பி. அடுத்த தெருவில் ஒரு கடைக்கு இப்படித்தான் வந்தது. வரிசை வந்தது, பிறகு வாடகை ஏறியது. ஐந்தரை மணிக்கு வருகிறவர்களுக்குப் பத்து நிமிடந்தான் இருக்கிறது. வரிசை நின்றால் அவர்கள் பட்டினியோடு போய்விடுவார்கள். என் கை ஒரு நாளைக்கு இவ்வளவுதான் சுழலும்.”

மருமகன் தலைகுனிந்து, எழுதியதை அழித்தான்.

சிறந்தது எது என்று நாம் மூன்று வாரம் தேடினோம். யாருக்குச் சிறந்தது என்ற கேள்வி எமக்குத் தோன்றவே இல்லை. அதைத் தோசைக்கல்லின் முன் நின்ற ஒரு தொழிலாளிப் பெண் எமக்கு எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது. நல்ல பண்டம் ஒன்றைப் போற்றுவதாக நினைத்து, அது யாருடைய பசிக்காக உண்டாயிற்றோ அவர்களிடமிருந்தே அதைப் பறிக்க இருந்தோம். பறிக்கிறவன் எப்போதும் கொடியவனாகத்தான் இருப்பான் என்பதில்லை, புகழ்கிறவனாகவும் இருக்கலாம். ஆகவே அந்தக் கடையின் பெயரையோ சந்தின் பெயரையோ நாம் இங்கு எழுதவில்லை. வாசகர்கள் பொறுத்தருள்க.

கடைசி நாள் காலையில் ஆயி பணம் வாங்க மறுத்தார். நாம் வற்புறுத்தி 35 டொலரைக் கல்லின் அருகே வைத்தோம். சந்தின் வாயிலைக் கடக்கும்போது பின்னாலிருந்து அவருடைய குரல் கேட்டது. அந்நாட்டில் விடைகொடுக்கும் முறை அது: “அழகரே, மெதுவாகப் போங்கள்!”

திரும்பிப் பார்த்தோம். அவர் அடுத்த ரொட்டியை வார்க்கத் தொடங்கிவிட்டார்.