கூட்டை மூடுகிற பிள்ளை

லண்டன்

2024இல் இங்கே ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வளவில் ஒரேயொரு கோழி நின்றாலும் அதை அரசாங்கத்திடம் பதிய வேண்டும். ஸ்கொட்லாந்தில் ஒரு மாதம் முந்தியே வந்துவிட்டது. அதுவரை 50 பறவைகளும் அதற்கு மேலும் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் இருந்த கடமை, இப்போது பின்வளவில் இரண்டு பேட்டுக்கோழி வளர்க்கிற குடும்பத்துக்கும் உண்டு. ஆள் யார், கோழி நிற்கிற இடம் எது, என்ன இனம், எத்தனை, எதற்காக வளர்க்கிறீர்கள் என்று எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியே போகாத கூண்டுக்கிளிக்கு மட்டும் விலக்கு. இந்தப் பதிவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பறவைக் காய்ச்சல் இங்கே பொய்யான பயமல்ல. 2021 நவம்பர் முடிவிலிருந்து 2022 மே தொடக்கம் வரையும், மறுபடி 2022 நவம்பரிலிருந்து 2023 ஏப்ரல் நடுப்பகுதி வரையும் கோழிகளைக் கூரைக்குக் கீழே அடைத்தே வைக்க வேண்டுமென்று உத்தரவு இருந்தது. எந்த ஒழுங்கையில் எத்தனை கோழி நிற்கிறது என்று தெரிந்தால்தான் நோய் வரும்போது எச்சரிக்க முடியும். அது நியாயம். என்னை உறுத்துவது, இந்தப் பதிவோடு எல்லோருக்கும் திரும்ப நினைவூட்டப்படுகிற இன்னொரு பழைய விதி.

அந்த விதி இதுதான்: வீட்டுக் குசினிக்குள் ஒருமுறை போய்வந்த எந்த உணவையும் கோழிக்குப் போடக்கூடாது. பழுதான இறைச்சியை மட்டும் சொல்லவில்லை. கோவாத் தண்டு, கரட் தோல், முதல்நாள் சோறு, காய்ந்த பாண் எல்லாம் இதற்குள் அடங்கும். தோட்டத்தில் பிடுங்கிய கோவா இலையை நேரே கூட்டுக்குள் எறியலாம். அதே இலையைக் குசினி மேசைக்குக் கொண்டுபோய் நறுக்கிவிட்டு மிச்சத்தை எறிந்தால் அது சட்ட மீறல். முட்டைக்காக வளர்க்கிற கோழி, செல்லத்துக்காக வளர்க்கிற கோழி என்ற பேதமும் இல்லை. ஒரேயொரு விலக்கு, விலங்கிலிருந்து வருகிற எதுவுமே நுழையாத குசினி. இங்கே அவர்களை வீகன் என்பார்கள். நம்மவர்கள் உடனே 'நாங்கள் சைவம்தானே, எங்களுக்கென்ன' என்று கேட்கலாம். போதாது. தயிரும் நெய்யும் பாலும் இருக்கிற குசினி இந்தச் சட்டத்தின் கண்ணில் இறைச்சிக் குசினியோடு ஒன்றுதான். வெள்ளிக்கிழமை விரதம் பிடித்து, மச்சச் சட்டியை வேறாக வைத்து, தலைமுறை தலைமுறையாகத் துப்புரவு பார்த்த ஒரு வீட்டின் கத்தரிக்காய்க் காம்பைக்கூட இங்கே கோழிக்குக் கொடுக்க முடியாது.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2001இல் இந்த நாட்டைக் கோமாரி நோய் உலுக்கியது. 2026 இடங்களில் நோய் உறுதியானது. 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்றார்கள். நோர்தம்பர்லாந்தில் ஹெடன் என்ற ஊர்ப்பக்கமிருந்த ஒரு பன்றிப் பண்ணையில், உணவுக் கழிவைச் சரியாக அவிக்காமல் பன்றிகளுக்குக் கொடுத்ததே தொடக்கம் என்று முடிவு கண்டார்கள். அந்தக் கழிவை அவிக்க வேண்டுமென்ற சட்டம் அப்போதே இருந்தது. அதைப் பின்பற்றாததுதான் பிழை. அதற்குப் பிறகு கழிவுணவு கொடுப்பதையே அடியோடு தடுத்தார்கள். கோமாரி குளம்புள்ள விலங்குகளுக்கு வருகிற நோய், கோழிக்கு வருவதில்லை. கோழிக்கு வருகிற நோய்களும் பச்சை இறைச்சி வழியாகப் பரவக்கூடியவை என்பார்கள். அதை ஏற்கிறேன். அப்படியென்றால் இறைச்சியையும் மீனையும் தடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வீகன் வீட்டுக்கு விலக்குக் கொடுக்கிற சட்டம், கரட் தோலில் குற்றமில்லை என்று தானே ஒப்புக்கொள்கிறது. மிஞ்சுவது ஒரு கேள்விதான்: இரண்டு வாளியைக் கலக்காமல் வைத்திருக்க ஒரு குடும்பத்தை நம்பலாமா, கூடாதா? நம்பக்கூடாது என்று இந்த நாடு முடிவெடுத்திருக்கிறது.

இதே நாடு ஒருகாலத்தில் நம்பியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பங்கீட்டில் ஆளுக்கு வாரத்துக்கு ஒரு முட்டை. அந்த முட்டையும் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்துச் சொந்தமாகக் கோழி வளர்த்த குடும்பத்துக்கு அரசாங்கமே தீவன மா கொடுத்தது. அந்த மாவை எதோடு கலப்பது? வீட்டுக் குசினியில் மிஞ்சியதை அவித்து, பிசைந்து, அதோடு கலக்கச் சொன்னார்கள். உருளைக்கிழங்குத் தோலும் அதில் சேரும். குண்டு விழுந்த நாட்களில் தாய்மாரிடமும் பிள்ளைகளிடமும் ஒப்படைத்த ஒரு வேலையை, சமாதான காலத்தில் அவர்களிடமிருந்து பறித்திருக்கிறார்கள்.

கோழித் தீனியைப் பற்றி ஏன் இவ்வளவு கதைக்கிறேன் என்று கேட்பீர்கள். நான் கதைப்பது பிள்ளை வளர்ப்பைப் பற்றி. இலங்கையில், வத்தளைக்குக் கிட்டிய ஹெந்தளைப் பக்கத்து வளவுகளில் கோழிக்கூடு ஒரு பிள்ளைக்கு வீடு கொடுக்கிற முதல் பொறுப்பு. அரிசி களைந்த தண்ணியும், பானையடிச் சோறும், தேங்காய் துருவி மிஞ்சியதும், கீரைத் தண்டும் ஒரு பழைய சட்டியில் சேரும். அதைக் கொண்டுபோய்ப் போடுவது ஐந்து, ஆறு வயதுப் பிள்ளையின் வேலை. தட்டில் மிச்சம் விட்ட பிள்ளையே அந்த மிச்சத்தைக் கொண்டுபோய்ப் போடும். மறுநாள் காலையில் அது முட்டையாகத் திரும்பி வரும். சாப்பாட்டை வீணாக்காதே என்று நூறு தரம் சொல்வதைவிட இது ஒருதரம் போதும். பின்னேரம் கூட்டை எண்ணி மூடுவது அதற்கு அடுத்த வயதுப் பிள்ளையின் வேலை. ஏழு நிற்க வேண்டிய இடத்தில் ஆறு நின்றால், ஒன்றைத் தேடிக்கொண்டு மதிலோரமும் வாழையடியும் போக வேண்டும். கதவின் கொளுக்கியைப் போட மறந்தால் இரவு மரநாய் வரும். அங்கே ஓடுகிற ஹமில்டன் கால்வாய்க்குக் கிட்டிய வளவென்றால் பகலில் கபரகொய்யா என்ற பெரிய உடும்பு வரும், முட்டையும் போகும் குஞ்சும் போகும். காலையில் இறகு சிதறிக் கிடப்பதைப் பார்க்கிற பிள்ளைக்கு, யாரும் அடிக்காமலும் ஏசாமலும், தன் மறதி இன்னொரு உயிருக்கு என்ன செய்தது என்று விளங்கும். இதைப் போன்ற பாடம் பிள்ளைக்கு வேறெங்கே கிடைக்கிறது? பள்ளிக்கூடத்தில் பிழை விட்டால் சிவப்பு மை. கைத்தொலைபேசி விளையாட்டில் தோற்றால் மறுபடி தொடங்கலாம். கூட்டுக்கதவில் விட்ட பிழையைத் திருத்த முடியாது. ஆனால் அது ஒரு பிள்ளையின் வாழ்க்கையை அழிக்கிற பிழையும் அல்ல. பிள்ளைக்குத் தாங்கக்கூடிய அளவான இழப்பு அது. அந்த அளவு எல்லா விசயத்திலும் வாய்ப்பதில்லை.

பிள்ளையின் மனம் உடைந்துபோகும், பெயர் வைத்து வளர்த்த சேவலை நத்தாருக்கோ தீபாவளிக்கோ அடித்தால் அந்தக் காயம் ஆறாது என்று சொல்கிறவர்கள் உண்டு. நம்மவரிலும் உண்டு, இங்கே இன்னும் அதிகம். அழுகை உண்மைதான். ஆனால் இங்கே கடையில் வாங்குகிற முட்டைக்குப் பின்னால் நடப்பதைப் பாருங்கள். முட்டையிடும் இனத்தில் பிறக்கிற சேவல் குஞ்சுகளை முதல் நாளிலேயே கொன்றுவிடுகிறார்கள். பேடுகளையும் முட்டை குறையத் தொடங்குகிற 72 வாரமளவில் அனுப்பிவிடுகிறார்கள். இதைப் பொறுக்காமல், பண்ணை கழித்த கோழிகளை வாங்கி வீடுகளுக்குக் கொடுக்கிற ஒரு தொண்டு நிறுவனம், பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபெயார் ட்ரஸ்ட், 2005 முதல் இங்கே இயங்குகிறது. அதை மனதார மதிக்கிறேன். ஆனால் முட்டைப் பெட்டியின் படத்தை மட்டும் பார்த்து வளர்கிற பிள்ளையைவிட, சேவலுக்காக அழுத பிள்ளைதான் உண்மையைக் கூடுதலாகத் தெரிந்துகொள்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இங்கே பிள்ளைகளுக்குக் கோழியைக் காட்டவே இல்லையா என்றால், காட்டுகிறார்கள். பல ஆரம்பப் பள்ளிகள் அடைகாக்கும் பெட்டியையும் முட்டையையும் வாடகைக்கு எடுக்கின்றன. பொரிக்கப்போகிற முட்டைகள் வகுப்பறைக்கு வரும், சில நாட்களில் குஞ்சு வெளிவரும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். இரண்டு கிழமையில் பெட்டியோடு குஞ்சையும் கொண்டுபோய்விடுவார்கள். விலங்குநலச் சங்கமான ஆர்எஸ்பிசிஏ இதை வேண்டாமென்று சொல்லி வருகிறது, குஞ்சுகளின் நலனுக்காக. பிள்ளைகளின் நலனுக்காகவும் வேண்டாம் என்பேன். அதில் அடைக்கோழி இல்லை. 21 நாளும் தீனிக்கு மட்டும் எழும்பி, நெஞ்சுச் சூட்டில் முட்டையைப் புரட்டிப் புரட்டி இருக்கிற தாயை அந்தப் பிள்ளைகள் காணவில்லை. குஞ்சை இறக்கைக்குள் இழுக்கிற அதே தாய், ஏழெட்டுக் கிழமையில் கொத்தித் துரத்துவதையும் காணவில்லை.

ஊரிலும் இப்போது கூடுகள் குறைகின்றன என்று அறிகிறேன். நான் உண்மையில் பயப்படுவது அதற்குத்தான். கொழும்பு வத்தளைப் பக்கம் வளர, ஆறு பேர்ச் காணியில் மூன்று மாடி எழும்ப, வளவு என்ற சொல்லே சுருங்குகிறது. அதைவிடப் பெரிய காரணம் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. பள்ளிச்சீருடையை மாற்றி டியூஷனுக்கு ஓடுகிற பிள்ளையிடம் கோழியை எண்ணு என்று சொல்லப் பெற்றோருக்கு மனம் வருவதில்லை. படிக்கிற பிள்ளையைக் கோழி மேய்க்க விடுவதா என்ற கேள்வியில் பழைய வறுமையின் கூச்சமும் இருக்கிறது. ஆனால் கூட்டுக்குத் தேவைப்படுவது காலையில் பத்து நிமிடமும் பின்னேரம் பத்து நிமிடமும்தான். எண்ணுவது, கவனிப்பது, ஒருநாளும் தவறாமல் செய்வது, இந்த மூன்றையும் எந்த டியூஷன் வகுப்பு சொல்லிக் கொடுக்கிறது? அழுக்கு, நோய் என்று சொல்கிறவர்களுக்கும் மறுமொழி உண்டு. கோழியைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுவது அந்த வேலையின் ஒரு பகுதி. கைகழுவாத பிள்ளை கூட்டுக்குப் போகக்கூடாது. சின்னஞ்சிறுசுகள் கோழியை முகத்தோடு அணைக்க விடக்கூடாது.

வீட்டுக் கோழிக்கூடு பழங்கதையும் அல்ல. 2021இல் இலங்கையில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள், சோள விளைச்சல் விழுந்தது. அடுத்த ஆண்டு டொலர் இல்லாமல் தீவனமும் இல்லாமல் போனது. 2022 ஜூனில் வீட்டுத்தோட்டம் செய்ய அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து 20 இலட்சம் முட்டை கப்பலில் வந்திறங்கியது. அந்த நாட்களில் கூட்டில் மூன்று ஊர்க்கோழி நின்ற வீட்டுக்கு அரசாங்கம் வர்த்தமானியில் குறித்த முட்டை விலை எதற்கு? ஊர்க்கோழி தீவனப் பைக்குக் காத்திருப்பதில்லை. குசினி மிச்சமும் புல்லும் புழுவும் அதற்குப் போதும். இங்கே சட்டம் தடுத்திருப்பது சரியாக அந்த முதல் தீனியைத்தான்.

இன்னொன்றை இங்கே வந்த பிறகுதான் யோசிக்கத் தோன்றுகிறது. ஹெந்தளையில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஆறு மணிக்கும் ஆறரைக்கும் இடையில் விழுகிறது. கோழி தானாகவே கூட்டுக்கு ஏறுகிற நேரமும், பிள்ளை விளையாடி முடித்து விளக்கு வைக்கிற வேளைக்கு வீட்டுக்கு வருகிற நேரமும் ஒன்றாகவே இருக்கும். யாரும் மணிக்கூடு பார்த்துச் சொல்லத் தேவையில்லை. லண்டனில் ஜூனில் இருட்ட ஒன்பதரை ஆகிறது, பிள்ளை நித்திரைக்குப் போன பிறகுதான் கோழி அடைகிறது. டிசம்பரில் நாலு மணிக்கு முன்னமே சூரியன் விழுந்துவிடும், பிள்ளை பள்ளியிலிருந்து வந்து சேர்ந்திருக்காது. ஆகவே இங்கே வெளிச்சத்தைப் பார்த்துத் தானே திறந்து தானே மூடுகிற மின்கதவு விற்கிறார்கள். நரி இங்கே ஒழுங்கைக்கு ஒழுங்கை திரிகிறது, கதவு தேவைதான், நல்ல கதவுதான். ஒக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை நேரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதற்குப் பிறகு இந்த நகரத்துக் கோழிகள் நாலரை, ஐந்து மணிக்கே அடையத் தொடங்கும், கதவும் தானே இறங்கும். உள்ளே ஏழு நிற்கிறதா ஆறு நிற்கிறதா என்று அந்தக் கதவு எண்ணுவதில்லை.