பீடியிலிருந்து தேங்காய்ப்பாலுக்கு

சோசலிசம் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குக் கேரளத்தின் கண்ணூர்தான் நினைவுக்கு வரும். 1966-இல் வந்த பீடித் தொழிலாளர் சட்டத்தைக் கேரள அரசு நடைமுறைப்படுத்தத் தொடங்கியதும், விடுப்பும் சலுகையும் தர மனமில்லாத முதலாளிகள் பட்டறைகளை மூடிவிட்டுக் கர்நாடகத்துக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. 1969-இல் அந்தத் தொழிலாளர்கள் அரசின் உதவியோடு தொடங்கிய கூட்டுறவுதான் தினேஷ் பீடி. உச்சத்தில் 40,000 பேர்வரை அங்கே பீடி சுற்றினார்கள். சேமநிதி, மகப்பேறு விடுப்பு எல்லாம் உண்டு.

பிறகு பீடி விற்பனை சரிந்தது. உடலைக் கெடுக்கும் பொருள், சரிய வேண்டியதுதான். ஆனால் சங்கம் 1990-களின் பிற்பகுதியில் மசாலா, தேங்காய்ப்பால், குடை, ஆடை, மென்பொருள் என்று வேறு தொழில்களுக்குள் நுழைந்தது. எல்லோருடைய வேலையையும் காப்பாற்ற முடியவில்லை, உண்மை. ஆனாலும் லாபத்துக்காக மட்டும் இயங்கும் ஒரு கம்பெனி இவ்வளவு பாடுபட்டிருக்காது என்றே நம்புகிறேன். பொருளைவிட மனிதரைப் பெரிதாக நினைத்ததால்தான் அவர்களால் மாற முடிந்தது.

செயலியை நம்பி வெயிலில் உணவு சுமந்து ஓடும் நம் பிள்ளைகளுக்கு இப்படியொரு கூட்டுறவு வேண்டும். தொடக்க மூலதனத்தை அரசு தருமா? ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்கப்போவது இதைத்தான்.