உச்சந்தலைப் புண் ஆறிய விதம்

தோலில் தோன்றும் புற்றுநோயை அறுத்து எடுத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். உச்சந்தலையில் வந்தால் அப்படியன்று. கட்டி போன இடத்தில் உள்ள குழியை எவ்வாறு மூடுவது என்ற கேள்வி எழும். மண்டைத் தோல் இறுக்கமானது. சிறு குழியானால் இழுத்துத் தைக்கலாம், பெரிதானால் இயலாது.

எனக்கு 68ஆம் வயதில், வழுக்கைத் தலையின் நடுவே வந்தது. அறுவைக்குப் பின் குழியின் குறுக்களவு 4 செ.மீ. ஓரங்களில் நோய் மிச்சமில்லை என்ற பரிசோதனை முடிவு வந்த பிறகே மருத்துவர் மூன்று வழிகளைச் சொன்னார். தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டுவது ஒன்று. பக்கத்துத் தோலை இரத்த ஓட்டம் அறாதபடி திருப்பிக் கொண்டுவந்து மூடுவது மற்றொன்று. (கன்னத்துத் தோலால் மூக்கு அமைக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது, அடிப்படை அதுவே.) மூன்றாவது, தினமும் கட்டு மாற்றி, அடியிலிருந்து புதுச் சதை வளர்ந்து புண் தானாகவே ஆற விடுவது.

வங்கியில் கடன் மனுக்களைப் பரிசீலித்த பழக்கத்தால், ஒவ்வொன்றிலும் கொடுப்பது என்ன, பெறுவது என்ன என்று கேட்டேன். எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு எஞ்சியிருக்கிறதா என்பதே முதல் கணக்கு என்றார். அது போய் எலும்பு வெறுமையாகத் தெரிந்தால், ஒட்டிய தோல் இரத்தமின்றிப் பிடிக்காது. அங்கே பக்கத்துத் தோலைத் திருப்புவதே பெரும்பாலும் நல்லது. பின்னர் கதிர்வீச்சு தேவைப்படுவோர்க்கும் அதுவே உறுதி. எனக்குச் சவ்வு இருந்தது.

மகன் ஒட்டுத்தோலையே வற்புறுத்தினான். சில வாரங்களில் முடிந்துவிடும் என்பது அவன் வாதம். ஆனால் அவ்வாறு செய்துகொண்ட நண்பர் ஒருவர், தலையைவிடத் தோல் எடுத்த தொடையே அதிகம் வலித்தது என்றார். சர்க்கரை நோயுள்ள எனக்கு இன்னொரு புண் வேண்டாம் என்று மூன்றாம் வழியைத் தேர்ந்தேன்.

புண் காய்ந்தால்தான் ஆறும் என்பது என் மனைவியின் நம்பிக்கை. அவளுக்கு மட்டுமா, நாம் எல்லோரும் அப்படித்தானே வளர்ந்தோம்! 1962இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் ஆராய்ந்து, ஈரம் காயாமல் மூடிவைத்த புண்ணே விரைவில் ஆறுகிறது என்று காட்டினார். கொதித்து ஆறிய நீரால் கழுவி, வாசலின் தடவி, ஒட்டாத துணியால் மூட வேண்டும் என்பது மருத்துவர் சொன்ன முறை. முதல் இரண்டு வாரங்கள் அவள் கை நடுங்கியது. பிறகு என்னைவிட அவளே அதை நன்கு அறிந்தாள். உறவினர்கள் அன்போடு மஞ்சள் கொணர்ந்தனர், திருநீறும் கொணர்ந்தனர். மஞ்சளைச் சமையலறைக்கு அனுப்பினாள். திருநீற்றை என் நெற்றியில் இட்டாள். புண்ணில் இரண்டும் படவில்லை.

பதினொரு வாரங்கள் ஆயின. இது எளிய வழி என்று யாரும் எண்ண வேண்டாம். கசிவு உண்டு, வாடை உண்டு. கூட்டத்தில் யாரேனும் இடித்துவிடுவரோ என்ற அச்சத்தால் கோயிலுக்குப் போவதும் குறைந்தது. வீட்டில் தினமும் கட்டு மாற்ற ஆளில்லாத முதியவருக்கு இதை நான் சொல்லமாட்டேன். ஆறிய இடத்தில் முடி வளராது. பளபளப்பான தழும்பே நிற்கும். வழுக்கையனுக்கு அதில் நஷ்டமில்லை. அடர்ந்த கூந்தலுள்ள ஒரு பெண்மணி, முடியோடு கூடிய பக்கத்துத் தோலைத் திருப்பும் வழியையே முதலில் கேட்டறிவது நியாயம்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் தலையைக் காட்டிவருகிறேன். பகலில் வெளியே போனால் குடையுண்டு.